மூன்றாம் நாள் காலை செல்ஃப் எடுக்காத அம்பாசடர்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். எங்கள் அப்புச்சி 1974-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோபிக்கும், அமாவாசைக்குப் பண்ணாரிக்கும் எடுத்துப் போவோம். தங்கச்சி கல்யாணத்துக்காக வண்டியைச் சீர் செய்தபோது டைனமோவை எடுத்துவிட்டு மாருதி வேன் ஆல்டர்னேட்டர் வைத்தோம். அப்போதே புதுப் பெயிண்ட், ஸ்டீரியோ, டிக்கியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் தொல்லை. ஞாயிறு சாயங்காலம் நிறுத்தினால் செவ்வாய் வரை எடுக்கிறது, புதன் காலை ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 50 ஏ.எச். பேட்டரி இரண்டு மாற்றியாகிவிட்டது. ஒருவர் ஒயரிங் செட் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் லாரிக்கு வைப்பதுபோல பேட்டரியைத் துண்டிக்கும் ஒரு கட் ஆஃப் சுவிட்ச் போட்டால் போதும் என்கிறார். எதைச் செய்வது? வீட்டில் மோட்டாருக்குப் பார்க்கும் டாங் டெஸ்டரும் ஒரு சின்ன மல்டிமீட்டரும் இருக்கின்றன.

பதில்: தம்பி, ஒயரிங் செட்டும் வேண்டாம், கட் ஆஃப் சுவிட்சும் இப்போதைக்கு வேண்டாம். ஆளாளுக்கு ஒரு சாமானை மாற்றச் சொல்கிறார்கள். ஆனால் நின்றிருக்கும் வண்டி எவ்வளவு கரண்ட் எடுக்கிறது என்று இதுவரை யாரும் மீட்டர் வைத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதைப் பார்க்காமல் எதை மாற்றினாலும் குருட்டடிதான்.

மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 50 ஏ.எச். என்றால், புதிதாக முழுசாக ஏறியிருக்கும் பேட்டரி இரண்டரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று அர்த்தம். செல்ஃப் மோட்டார் சுற்றுவதற்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். அதனால் பேட்டரி முழுசாகக் காலியாக வேண்டியதில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல் இறங்கினாலே ‘டக்’ என்று நின்றுவிடும். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து புதன் காலை வரை ஏறக்குறைய 60 மணி நேரம். அதற்குள் 30 ஏ.எச். போயிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உங்கள் வண்டி நிற்கும்போது எடுப்பது சுமார் அரை ஆம்பியர்.

இந்த அரை ஆம்பியர் நிறையப் பேரை வரிசையிலிருந்து விலக்கிவிடுகிறது. ஒயர் தோல் உரிந்து பாடியில் நேராக உரசியிருந்தால் மூன்று நாள் தாங்காது. புகை வரும், இல்லை ஃபியூஸ் போகும். 21 வாட் பல்பு இரண்டு எரிந்துகொண்டிருந்தால் மூன்றரை ஆம்பியர், ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும். ஸ்டீரியோ தன் நினைவுக்காக எடுக்கிற பத்து மில்லி ஆம்பியர் மட்டும்தான் என்றால், இதே அளவு இறங்க நாலு மாதம் ஆகும். அரை ஆம்பியருக்குப் பொருந்துகிறவர்கள் யார் என்று பார்த்தால், அணையாமல் எரியும் ஒரு 5 வாட் ரூம் லைட், தூங்காமல் விழித்திருக்கும் ஆம்ப்ளிஃபையர், கசியும் ஆல்டர்னேட்டர் டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற சாமான்), அப்புறம் டைனமோ காலத்துக் கட் அவுட் பெட்டி. கடைசி ஆளைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் அதிகம்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. பேட்டரி பெயருக்கு 50 ஏ.எச்., உள்ளுக்குள் 20-தான் நிற்கிறது என்றால் கணக்கே மாறிவிடும். பலமுறை அடியோடு இறங்கிய பேட்டரி அப்படித்தான் ஆகும். கார் பேட்டரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உடனே நிரம்புவதற்காகச் செய்யப்பட்டது. திரும்பத் திரும்பக் காலியானால் தட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். உங்களுக்கு இரண்டு பேட்டரி போனது இந்தக் கசிவால்தான் இருக்கும். பேட்டரி கெட்டதால் வண்டி நிற்கிறது என்று எல்லாரும் தலைகீழாகப் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் முதல் வேலை பேட்டரிக்கு. கழற்றி, ஐந்து ஆம்பியர் வீதம் ஒரு ராத்திரி மெதுவாகச் சார்ஜ் ஏற்றுங்கள். கடையில் கொடுத்தால் அவசரத்துக்கு வேகமாக ஏற்றித் தர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றியவுடன் மீட்டர் வைத்தால் 13-க்குப் பக்கத்தில் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ், நம்பக்கூடாது. அரை நாள் சும்மா வைத்துவிட்டுப் பாருங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் நிரம்பியிருக்கிறது. அப்படியே ஒரு கேபிளும் மாட்டாமல் மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 12.5-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பேட்டரிமேல் குற்றமில்லை. சும்மா இருந்தே 12.2-க்கு வந்துவிட்டதென்றால் அது பாதி காலி. குற்றவாளி வண்டியில் இல்லை, பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கும் ஹைட்ரோமீட்டர் கிடைத்தால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து செல் 1.250 காட்டி ஒன்று மட்டும் 1.200-க்குக் கீழே நின்றால் அந்தச் செல் போய்விட்டது, இனி அந்தப் பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பேட்டரியின் மேல்பக்கத்தையும் கவனியுங்கள். ஆசிட் ஈரமும் தூசியும் சேர்ந்து படிந்தால் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய கசிவு ஓடும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவில் வைத்து, இன்னொன்றைப் பிளாஸ்டிக் மூடியின்மேல் தேய்த்துப் பாருங்கள், வோல்ட் காட்டினால் அழுக்குதான். மூடிகளை இறுக்கிவிட்டு, ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் துடைத்தால் போதும். சோடாத் தண்ணீர் உள்ளே மட்டும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஊற்றும்போது டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். நம் பக்கத்து போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே தெரியும்.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்தால் 13.8-இலிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வண்டி எடுத்துக்கொள்வதல்ல, ஆல்டர்னேட்டர் கொடுக்காததுதான் பிரச்சினை. கோபி கடைவீதிக்குப் போய் வருகிற தூரத்தில் செல்ஃப் எடுத்த கரண்ட் திரும்பிவிடும். பாதி இறங்கிய பேட்டரி நிரம்பாது. அதற்குப் பண்ணாரி வரை ஓட்டினாலும் போதுமா என்பது சந்தேகம்தான்.

இனி கசிவு. உங்கள் டாங் டெஸ்டரை மோட்டார் ரூமிலேயே மாட்டி வையுங்கள். மோட்டாருக்கு என்று வாங்குகிற சாதாரண டாங் டெஸ்டர் ஏ.சி. கரண்டை மட்டும்தான் படிக்கும். கார் பேட்டரி டி.சி. அதை ஒயரில் மாட்டிப் பார்த்து பூஜ்யம் வந்ததும் ‘கசிவே இல்லை’ என்று வண்டியை மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். டி.சி. படிக்கிற கிளாம்ப் மீட்டரும் உண்டு, விலை கூடுதல். உங்கள் வேலைக்குச் சின்ன மல்டிமீட்டரே போதும்.

மீட்டர் வைப்பதற்கு முன் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பாருங்கள். அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியிலிருந்து வந்தது. அந்தக் கால இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவைத்தான் பாடிக்குக் கொடுப்பார்கள், அம்பாசடரிலும் அப்படி வந்த பழைய வண்டிகள் உண்டு. மாருதி ஆல்டர்னேட்டர் வைத்தபின் உங்களுடையது நெகட்டிவ் எர்த்தாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயோடு அன்றைக்கே போயிருக்கும். இருந்தாலும் கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் பாடிக்குப் போகிற கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக. ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி வராது. மோதிரம், அரைஞாண் கயிற்றுச் சாவிக்கொத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கதவையும் சாத்துங்கள், கண்ணாடியை இறக்கி வையுங்கள், சாவியை உருவி விடுங்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு ரூம் லைட்டின் கரண்டையே கசிவு என்று துரத்துவது அடிக்கடி நடக்கிற கூத்து.

முதலில் மீட்டருக்குப் பதில் ஒரு பல்பு. ஒரு 12 வோல்ட் பல்புக்கு ஹோல்டரோடு இரண்டு ஒயர் போட்டு, கழற்றிய எர்த் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே பிடியுங்கள். பளிச்சென்று எரிந்தால் பெரிய கசிவு, மீட்டரை வைத்தால் மீட்டர்தான் போகும். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ மீட்டர் வைக்கலாம். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் மாற்றிச் செருகுங்கள். இதை மறந்து மில்லி ஆம்பியர் ஓட்டையில் விட்டால் உள்ளே இருக்கும் சின்ன ஃபியூஸ் போய்விடும், அப்புறம் எங்கே வைத்தாலும் பூஜ்யம்தான். மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிக்கவோ ஹெட்லைட் போடவோ கூடாது. வீட்டுப் பிள்ளைகள் யாராவது சாவியைத் திருகிவிடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் நல்ல எலக்ட்ரீஷியன்கூட உங்கள் மாதிரி வண்டியில் ஏமாறுகிறார். கேபிளைக் கழற்றிவிட்டு நடுவே மீட்டரை மாட்டுகிறோம் அல்லவா, அந்த ஒரு நொடியில் வண்டி முழுக்கக் கரண்ட் நின்று போகிறது. பிடித்துக்கொண்டிருந்த ரிலே (கரண்டில் காந்தமாகி இழுத்துப் பிடிக்கும் சுவிட்ச்) விட்டுவிடும். விழித்திருந்த ஆம்ப்ளிஃபையர் அணைந்துவிடும். மீட்டரில் பூஜ்யம் வரும். கேபிளை மறுபடி மாட்டி, வண்டியை ஓட்டி நிறுத்தினால் கசிவு மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே கரண்ட் அறுபடாமல் மீட்டரை நுழைக்க வேண்டும். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். எர்த் கேபிள் கிளாம்பின் நட்டை மட்டும் தளர்த்துங்கள், தூக்காதீர்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி முனையின் ஈயத் தலையிலும், மறு முனையைக் கேபிள் கிளாம்பிலும் முதலைக் கிளிப்பால் கடிக்க வையுங்கள். இப்போது மெதுவாகக் கிளாம்பை மேலே தூக்குங்கள். கரண்ட் அறுபடாமல் மீட்டர் வழியாகப் போக ஆரம்பிக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்பு வைத்துப் பார்த்ததை முதலிலேயே முடித்துவிட்டு, இந்த அளவை அப்புறம் தனியாக எடுக்க வேண்டும்.

பத்து இருபது மில்லி ஆம்பியர் காட்டினால் அது ஸ்டீரியோ, விட்டுவிடலாம். ஸ்டீரியோ இல்லாத அம்பாசடர் ஒன்றுமே எடுக்கக் கூடாது. இன்றைய வண்டிகள் போல அதில் கம்ப்யூட்டரும் கிடையாது, அலாரமும் கிடையாது. 0.3, 0.5 என்று காட்டினால் நம் கணக்கு சரி, ஆளைத் தேட வேண்டியதுதான்.

தேடும்போது பழைய சாமான்களை விட்டுவிட்டுப் புதிதாக வந்தவர்களிடம் முதலில் போங்கள். அப்புச்சி காலத்திலிருந்து அமைதியாக இருந்த ஒயர், கல்யாணம் முடிந்த மறுவாரம் திடீரென்று கெட்டுப்போவதற்கு வாய்ப்புக் குறைவு.

பேட்டரி பாசிட்டிவ் கிளாம்பில் தடித்த கேபிளோடு சேர்த்து வேறு ஒயர்கள் முறுக்கிவிடப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். அநேகமாக இரண்டு இருக்கும், ஒன்று ஸ்டீரியோவுக்கு, இன்னொன்று டிக்கிக்கு. ஸ்டீரியோவில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்டில் இருக்க வேண்டும், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும். மாட்டுகிற பையன்கள் சாவி ஒயரைத் தேடச் சோம்பல்பட்டு இரண்டையும் சேர்த்து முறுக்கி நேராகப் பேட்டரிக்கு விட்டுவிடுவார்கள். ஸ்டீரியோவின் பட்டனை அணைத்தாலும் அது முழுசாகத் தூங்காது. ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதற்கு ஸ்டீரியோவிலிருந்து ஒரு நீல ஒயர் போகும். அதையும் பேட்டரியோடு நேராகச் சேர்த்திருந்தால் ஆம்ப்ளிஃபையர் பாட்டே இல்லாமல் ராத்திரி பகலாக விழித்திருக்கும். சும்மா இருக்கும்போதே அரை ஆம்பியர் முதல் ஒன்று வரை எடுக்கக்கூடிய சாமான் அது. சாவியை எடுத்துச் சில மணி நேரம் கழித்து டிக்கியைத் திறந்து அதைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் மீட்டரே வேண்டாம். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகிய மொபைல் சார்ஜரையும் பிடுங்கி வையுங்கள், அது எடுப்பது கொஞ்சம்தான் என்றாலும்.

அடுத்தது ஆல்டர்னேட்டர். அதற்கு மூன்று சோதனை உண்டு, மூன்றும் செலவில்லாதவை. ராத்திரி இருட்டில் சாவி இல்லாமல் டாஷ்போர்டைப் பாருங்கள், சார்ஜ் விளக்கு மினுக்கென்று மங்கலாக எரிந்தால் டயோடு கசிகிறது. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இன்ஜின் சில்லென்று இருக்க அது மட்டும் சூடாக இருக்கக் கூடாது. மூன்றாவது, சாவி இல்லாதபோது ஒரு ஸ்க்ரூ டிரைவரை ஆல்டர்னேட்டர் புல்லியின் அருகே கொண்டுபோங்கள். காந்தம் போல இழுத்தால் உள்ளே ஃபீல்டு காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. சாவி வழியாக வர வேண்டிய மெல்லிய ஒயரை எப்போதும் கரண்டுள்ள இடத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில ஆல்டர்னேட்டர்களில் ‘எஸ்’ என்று குறித்த ஒயர் மட்டும் எப்போதும் பேட்டரியில் இருக்கலாம், அது எடுப்பது சொற்பம்.

டயோடைப் பற்றி உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து அதன் நுனியில் நன்றாக டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்புறம் பேட்டரியை மாட்டி மறுபடி அளந்து பாருங்கள். எண் விழுந்துவிட்டால், கீழே சொல்லும் கட் அவுட் பெட்டி காரணமில்லை என்றும் பார்த்தபின், ஆல்டர்னேட்டரைக் கழற்றி எடுத்துப்போய் டயோடு பிளேட் மாற்றிக்கொள்ளலாம். டேப் சுற்றாமல் மட்டும் விடாதீர்கள், அந்த ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது.

இப்போது அந்தக் கட் அவுட் பெட்டி. டைனமோ இருந்த காலத்தில் பானட்டுக்குள் கருப்பு மூடி போட்ட பெட்டி ஒன்று இருந்திருக்கும். உள்ளே இரண்டு காயில். ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்தும், இன்னொன்று டைனமோ சுற்றும்போது மட்டும் பேட்டரியோடு சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிடும். டைனமோவுக்கு டயோடு கிடையாது. பிரிக்காவிட்டால் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் பாயும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. ஆல்டர்னேட்டருக்கு இது தேவையே இல்லை. ஆனால் மாற்றுகிறவர் பழைய ஒயர்கள் வந்து சேருகிற இடம் என்பதால் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, டைனமோவின் ‘டி’ ஒயரையே ஆல்டர்னேட்டர் தடித்த முனையில் மாட்டிவிடுவார். வண்டி ஓடும், சார்ஜும் ஏறும், யாருக்கும் சந்தேகம் வராது.

என்ன நடக்கிறது என்றால், ஆல்டர்னேட்டர் சுற்றியதும் கட் அவுட் காயிலுக்குக் கரண்ட் போய் பாயிண்ட் (தொட்டுச் சேரும் முனைகள்) சேர்ந்துகொள்கிறது. இன்ஜின் நின்றதும் டைனமோவாக இருந்தால் கரண்ட் பின்னோக்கி ஓடி அந்தக் காயிலைத் தளர்த்தி, பாயிண்டைப் பிரித்துவிடும். ஆல்டர்னேட்டரின் டயோடு கரண்டைப் பின்னோக்கி ஓட விடாது. அதனால் சேர்ந்த பாயிண்ட் வழியாகவே பேட்டரி கரண்ட் அந்தக் காயிலுக்குப் போகிறது, காயில் பாயிண்டை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பேட்டரியில் உயிர் இருக்கும்வரை பெட்டி தன்னைத்தானே பிடித்துக்கொண்டு கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கும். கேபிளைக் கழற்றினால் ‘டிக்’ என்று பாயிண்ட் பிரியும், மறுபடி மாட்டினால் சேராது, மீட்டர் பூஜ்யம் காட்டும். மேலே சொன்ன நுணுக்கம் இதற்காகத்தான். கேபிளைக் கழற்றுகிற நேரம் இன்னொருவரைப் பெட்டியில் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ‘டிக்’ கேட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். அதற்கு மருந்து, பெட்டியை வழியிலிருந்து விலக்கி, ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலிருந்து தகுந்த கனமுள்ள புது ஒயர் ஒன்றைச் செல்ஃப் சுவிட்சின் பேட்டரி போல்ட்டுக்கு நேராக விடுவது. பழைய டைனமோ ஒயர், மாருதி ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்டுக்கு மெல்லியது, அதற்காகவும் இது தேவை. பெட்டி கண்ணுக்கு அழகாக இருக்கிறது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றால், ‘ஏ’, ‘ஏ1’ முனைகளிலிருந்த ஒயர்களை வெளியே ஒரு கனெக்டரில் சேர்த்துவிட்டு, காயில்களுக்கு எதுவும் போகாமல் வெறும் பெட்டியாக விட்டுவிடலாம்.

இவர்கள் யாருமில்லை என்றால்தான் பழைய ஒயரிங். உங்கள் வண்டியில் அசல் ஹார்னஸ் (ஒயரிங் செட்) இன்னும் இருந்தால் தேடுவது சுலபம். இங்கிலாந்து வண்டிகளின் கலர் முறைதான் அதில் இருக்கும். சாவி இல்லாதபோதும் கரண்ட் இருப்பவை பழுப்பு ஒயர்கள், ஃபியூஸ் வழியாக வரும் ஊதா ஒயர்கள். வெள்ளையும் பச்சையும் சாவி போட்ட பிறகுதான் உயிர் பெறும். ஃபியூஸ் பெட்டியில் ‘ஏ1-ஏ2’ ஃபியூஸை உருவுங்கள், ஹாரனும் ரூம் லைட்டும் அதில்தான். எண் விழுந்தால் கதவு சுவிட்சையும் ஹாரன் பட்டனையும் பாருங்கள். பெயிண்ட் அடிக்கும்போது கதவு சுவிட்சுக்குள் பெயிண்ட் இறங்கி ஒட்டிக்கொள்வது சகஜம். பிரேக் லைட்டைச் சந்தேகப்பட வேண்டாம், அசல் ஒயரிங்கில் அது சாவி போட்டால்தான் வேலை செய்யும். சாவி இல்லாமல் பெடலை மிதித்தால் விளக்கு எரிகிறது என்றால் யாரோ ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், அப்போது அதையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸை உருவியும் விழாவிட்டால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, செல்ஃப் சுவிட்சில் தடித்த கேபிளோடு இருக்கும் பழுப்பு ஒயரை எடுத்து ஒதுக்கி மறுபடி அளந்து பாருங்கள். விழுந்தால் லைட் சுவிட்ச், சாவி சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். அதற்கும் விழாவிட்டால் செல்ஃப் சுவிட்சிலேயே கசிவு.

ஒயரிங் செட் பற்றி என் அபிப்பிராயம். ஐம்பது வருஷ ஒயர் என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஒயரை வளைத்துப் பாருங்கள். தோல் வெடித்து உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும், கசிவுக்காக அல்ல, தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. தென்னந்தோப்பு ஓரம் நிறுத்துகிறீர்கள் என்றால் எலி, அணில் கடித்த இடங்களையும் பாருங்கள். வண்டி கட்டுத்தரைக்குப் பக்கத்தில் நிற்கிறதா? மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா செம்பு, பித்தளை முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும். அப்படி நின்றால் இடத்தை மாற்றுங்கள். தோல் நன்றாக வளைகிறது, முனைகள் சுத்தமாக இருக்கின்றன என்றால் அந்த ஹார்னஸை விட்டுவிடுங்கள். புது செட் போட்டாலும் அதே ஆல்டர்னேட்டர் ஒயரையும் அதே ஆம்ப்ளிஃபையர் ஒயரையும் அதே இடத்தில்தான் திரும்ப மாட்டுவார்கள், புதன்கிழமை மறுபடி ‘டக்’ என்றுதான் நிற்கும். உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. வெளியில் கட்டித் தருகிற செட்களில் அசல் கலரை எல்லாரும் பின்பற்றுவதில்லை, கையில் இருக்கிற கலரை இழுத்துவிடுவார்கள். அடுத்த முறை கசிவு தேடும்போது பழுப்பு எது, ஊதா எது என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

கட் ஆஃப் சுவிட்சை நான் வெறுக்கவில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிகளில் அது இல்லாமல் பார்ப்பது அரிது, நின்ற வண்டிக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் கசிவைக் கண்டுபிடிக்காமல் அதைப் போட்டால், நீங்கள் ஓட்டுகிற நேரமெல்லாம் அந்தக் கசிவு உள்ளே இருக்கும், எங்கே சூடாகிறது என்று தெரியாது. கண்டுபிடித்துச் சரிசெய்தபின் தாராளமாக எர்த் பக்கம் ஒன்று போடுங்கள். ஸ்டீரியோ இருபது மில்லி ஆம்பியர் எடுத்தாலும் ஒரு மாதத்தில் 14 ஏ.எச். போய்விடும். ஊருக்குப் போகும்போது திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். செல்ஃப் கரண்டைத் தாங்குகிற கனமான சுவிட்சாக வாங்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பவே கூடாது. பேட்டரி பிரிந்த அந்த நொடியில் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் எகிறி, டயோடும் ஸ்டீரியோவும் சேர்ந்து போகும்.

ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்டீரியோவுக்கும் போகிற ஒயர்களில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஆளுக்கொரு ஃபியூஸ் போடுங்கள். அளவு அந்தந்தச் சாமானின்மேலேயே எழுதியிருக்கும். உங்கள் வண்டியில் தொழிற்சாலையில் வைத்த ஃபியூஸ்கள் சொற்பம், டிக்கி வரைக்கும் சீட்டுக்கு அடியில் ஓடுகிற ஒயருக்கு அவற்றில் எதுவும் காவல் இல்லை. கிளாம்பைத் தூக்கியபோது மீட்டரில் என்ன எண் வந்தது, எதைக் கழற்றியதும் விழுந்தது என்று எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.